புல்லுக்கு முதுகு காட்டிய குழு

கடிதத்தின் தலையில் மூன்று நிறம் இருந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு.

லா சப்பேலில் அது போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் பிறகு. 1986ஆம் ஆண்டு அந்தத் தெருவில் மூன்று நிறத்தோடு எந்தக் கடிதம் வந்தாலும் அது 'காட்' பற்றியதுதான். அகதி என்று ஏற்றுக்கொண்டு பத்து வருடம் இருக்கவிடும் அட்டை கிடைத்துவிட்டது, அல்லது கிடைக்கவில்லை. மூன்றாவது வகைக் கடிதம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

குகதாசன் ஈரக் கையைத் துடைத்தான். உணவகத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே எரிந்த பல்ப்பின் கீழ் கடிதத்தைப் பிடித்துப் பார்த்தான். முழுக்கப் பிரெஞ்சு. அவனுக்கு விளங்கியது இரண்டு. தன் பெயர். ஒரு திகதி.

ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் இறங்கினான். மேலே பாலத்தில் மெத்ரோ தடதடத்துப் போனது. நேரே நீக்கிலாஸ் அண்ணையின் மேசை.

கஃபேயின் கடைசி மேசைதான் நீக்கிலாஸின் கந்தோர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை. தொழில், கேஸ் எழுதுவது. ஊரைவிட்டு ஏன் ஓடி வந்தேன் என்று ஒவ்வொருவரும் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய கதையை, ஆளின் முகத்தைப் பார்த்து, முகத்துக்குப் பொருத்தமாக எழுதிக் கொடுப்பார். எட்டு மாதத்துக்கு முன் குகதாசனுக்கும் அவர்தான் எழுதினார்.

"என்ன தொழில் செய்தனீ?" என்று அன்று கேட்டார்.

"படப்பிடிப்பு, அண்ணை. சுன்னாகத்திலை ஸ்ரூடியோ வைச்சிருந்தனான். ஆமி வந்து எரிச்சுப்போட்டுது."

நீக்கிலாஸ் பேனாவை மூடிவிட்டார்.

"கடை எரிஞ்சது எண்டு ஒரு நாளைக்கு இருவது பேர் சொல்லினம். அதிகாரி கொட்டாவி விடுவான். நெருப்பு அலுத்துப்போச்சு, தம்பி. வேறை ஏதும்?"

"வேறை ஒண்டும் நடக்கேல்லை, அண்ணை. அதொண்டுதான் நடந்தது."

"சவாரி பாத்திருக்கிறியோ?"

பார்த்திருக்கிறான். யாழ்ப்பாணத்தில் யார்தான் பார்க்கவில்லை? இரண்டு மாடு, ஒரு வண்டில், புல் முளைத்த தரவை, இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தும் சனம். குகதாசன் வெற்றிக் கம்பத்தடியில் கமெராவோடு நின்று வருடா வருடம் படம் பிடித்திருக்கிறான். மாட்டுக்குப் பக்கத்தில் போனதில்லை. பயம். அவனுக்குப் பழக்கமான மாடெல்லாம் படத்துக்குள் அசையாமல் நின்றவை.

"அது காணும்," என்றார் நீக்கிலாஸ். அவருக்கு அவ்வளவு போதும்.

ஒரு மணித்தியாலத்தில் குகதாசன் ஐந்து முறை வென்ற சவாரிக்காரன் ஆனான். மயிலை, கறுவல் என்று அவனுக்கு இரண்டு மாடுகள் கிடைத்தன. இரண்டையும் ஆமி சுட்டது.

"மாடு செத்தது எண்டால் பிரெஞ்சுக்காரன் நிமிந்து பாப்பான். ஆனா ஒண்டு. எந்தப் படிவம் நிரப்பினாலும் இதைத்தான் எழுதோணும். கேஸிலை ஒண்டு, வேலைக் கந்தோரிலை வேறையொண்டு எண்டு வந்துதோ, முடிஞ்சுது. இஞ்சை பொய் சொல்லலாம். ரெண்டு விதமாய்ச் சொல்லேலாது."

குகதாசன் சொல்லை மீறவில்லை. வேலை தேடிப் பதிந்தபோதும் தொழில் என்ற கட்டத்தில் அதையே எழுதுவித்தான். 'ஓட்டுநர், பந்தய வண்டி, புல்தடம்.'

இப்போது இந்தக் கடிதம்.

நீக்கிலாஸ் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விடயம் பாரதூரம்.

"குதிரை எண்டு இருக்கு."

"குதிரையோ?"

"'மாகாணப் பகுதிகளில் புல்தட வண்டிக்குதிரை ஓட்டத்தின் எதிர்காலத்துக்கான தேசியக் குழு.' செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரட்டாம். நிபுணராம் நீ. பாரிஸிலை புல்லுத்தடத்திலை வண்டி ஓட்டினவன் எண்டு பதிஞ்ச ஒரே ஆள் நீதானாம்."

பக்கத்து மேசையில் கோப்பியை வாயருகே வைத்திருந்த பாலச்சந்திரன் அதை இறக்கினான். அவன் குகதாசனோடு அதே உணவகத்தில் மேசை துடைப்பவன். "இது பொலிஸ்," என்றான்.

"ஓம்," என்றார் நீக்கிலாஸ் மெதுவாக. "மாடு பொய்தானே எண்டு நேரை கேக்கமாட்டாங்கள். குதிரையிலை தொடங்குவாங்கள். பிறகு மெல்ல மெல்ல மாட்டுக்கு வருவாங்கள். கேஸைப் பாடமாக்கு, தாசன். ஒரு சொல்லு மாறினாலும் காட் இல்லை."

*

செவ்வாய் காலை. பிறப்புச் சான்றிதழ் முதல் தடுப்பூசி அட்டை வரை தன்னிடமிருந்த அத்தனை காகிதத்தையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு குகதாசன் போனான். லா சப்பேலிலிருந்து பத்து நிமிட நடை. ரயில் சரக்குக் கொட்டகைகளுக்குப் பின்னால் வெயில் படாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடி. சன்னலால் எட்டிப் பார்த்தால் தண்டவாளம், சிமெந்து, புகை. புல் என்று சொல்ல ஒரு தாள் கிடையாது.

வாசலில் கோட்டு அணிந்த ஒரு தமிழர் கையை நீட்டினார்.

"நீங்கதானே முசியே குகதாசன்? நான் லூசியன். பாண்டிச்சேரி. தபால் இலாகாவுல முப்பது வருஷம் இருந்துட்டு இப்ப பென்ஷன்ல இருக்கேன். மொழிபெயர்க்க ஆள் வேணும்னாங்க, வந்தேன். பயப்படாதீங்க தம்பி. நீங்க சொல்றத அப்படியே சொல்லுவேன். கொஞ்சம் மடிச்சு, இஸ்திரி போட்டுச் சொல்லுவேன், அவ்வளவுதான்."

"ஐயா, இது காட் விசயமோ?"

"தெரியல தம்பி. மொழிபெயர்க்க ஒண்ணும் இல்லாமலே நாலு வாரமா வர்றேன். இது எந்த விஷயம்னு எனக்கே இன்னும் புரியல."

நீண்ட மேசை. பச்சைத் துணி விரித்திருந்தது. சுற்றி ஏழு பேர். ஆறு பேர் ஒருவரோடொருவர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், சுவரோரம், சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. சிறிய குறிப்பேடு ஒன்றில் எதையோ எழுதினார். குகதாசனைப் பார்த்தார். குகதாசன் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

இவன்தான் பொலிஸ், என்று குகதாசன் முடிவுகட்டினான்.

திடீரென்று மணி அடித்தது. "எழுந்திருங்க, எழுந்திருங்க," என்றார் லூசியன்.

"ஆர் வருகினம்?"

"புல்லு."

வெள்ளைக் கையுறை போட்ட சேவகர் ஒருவர் தட்டு ஒன்றை ஏந்தி வந்தார். தட்டில் சதுரமாக வெட்டிய புல், மேலே கண்ணாடி மூடி. அதை மேசை நடுவில் வைத்தார். மூடியைத் திறந்தார். அளவுகோலை நட்டார். "ஏழு சென்ரிமீற்றர்!"

"பதிவு செய்க," என்றார் தலைவர் முசியே புருனெல். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"மாதிரிப் புல்லு," என்று லூசியன் காதில் சொன்னார். "இதுக்கு முன்னாடி இருந்தது செத்துப்போச்சாம். இது கேர் து நோர் ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடையில வாங்கினது. ரகசியம்."

தலைவர் எழுந்தார். அழகான குரல். தயங்காத குரல்.

"கனவான்களே, பதினொரு ஆண்டுகளுக்கு முன் இந்தக் குழு தொடங்கியபோது நாட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு புல்தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிர்காலத்தையும் ஆராய்வது மனித சக்திக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. இன்று அறுபத்தொன்றுதான் இருக்கின்றன. வேலை எவ்வளவு இலகுவாகியிருக்கிறது, பாருங்கள்! இதே உழைப்பு தொடர்ந்தால், விரைவில் முழு விடயத்தையும் இந்த ஒரே தட்டில் வைத்து முடித்துவிடலாம்."

கைதட்டினார்கள்.

"விதிப்படி நம்மோடு ஒரு வெளிநாட்டுக் குரல் இருக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஒருவரை அழைத்தால் அவர் குதிரைகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். கூட்டம் நீண்டுவிடும். ஆகவே முசியே குகதாசன். சொல்லுங்கள், உங்கள் நாட்டில் புல்தடத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது யார்?"

வந்துவிட்டது. குதிரையில் தொடங்கி மாட்டுக்கு வருகிறார்கள். குகதாசன் கேஸின் இரண்டாம் பக்கத்தை மனதில் புரட்டினான்.

"ஆமி," என்றான். "எண்பத்துநாலாம் ஆண்டு தரவையிலை காம்ப் போட்டவங்கள். அதோடை சவாரி நிண்டுபோச்சு."

லூசியன் சொன்னார். தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"எவ்வளவு காலம் எடுத்தது?"

"ஒரு விடியக்காலமை."

"ஒரே காலை!" தலைவர் தன் ஆட்களைச் சுற்றிப் பார்த்தார். யாரோ பெருமூச்சு விட்டார்கள். "துணைக்குழு ஏதும்?"

"இல்லை."

"பாதிக்கப்பட்டவர்களோடு கலந்துரையாடல்?"

"சுட்டவங்கள்."

லூசியன் இரண்டு வினாடி யோசித்தார். பிறகு பிரெஞ்சில் சொன்னார். 'உடனடி நடைமுறை' என்று இஸ்திரி போட்டிருந்தார். ஆறு பேரும் குறித்துக்கொண்டார்கள்.

மயிலை, கறுவல் என்ற பெயர்களைச் சொன்னபோது குகதாசனின் கண் கலங்கியது. கலங்க வேண்டும் என்று நீக்கிலாஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் கலங்கியபோது அவன் முன் நின்றது மாடல்ல. கல்யாணம், பூப்பு நீராட்டு, செத்தவீடு என்று பதினாலு வருட நெகட்டிவ்கள் அடுக்கியிருந்த தகரப் பெட்டிகள். அவை எரிந்தபோது வந்த மணம்.

சாம்பல் கோட்டுக்காரர் வேகமாக எழுதினார்.

*

அவர்கள் அவனைக் கைது செய்யவில்லை. அதுதான் குகதாசனுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. கைது செய்வதற்குப் பதிலாக ஓர் அடையாள வில்லை கொடுத்தார்கள். மூன்று நிறக் கோடு, அவனுடைய படம், கீழே 'வெளிநாட்டு நிபுணர்.'

பாரிஸில் குண்டுகள் வெடித்த அந்தச் செப்டெம்பரில் மெத்ரோப் படிகளில் எல்லாம் பொலிஸ் நின்றது. அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்குக் கொடுக்கும் மூன்று மாதத் துண்டை நீட்டினால் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அன்று மாலை குகதாசன் பதற்றத்தில் துண்டுக்குப் பதிலாக வில்லையை இழுத்துவிட்டான். பொலிஸ்காரன் அதைப் பார்த்தான். நெற்றியில் கை வைத்துச் சலாம் போட்டான். "நல்மாலை, முசியே."

நாலு படி மேலே நின்று இதை நீக்கிலாஸ் பார்த்தார்.

அடுத்த நாலு வாரத்தில் லா சப்பேலில் சவாரிக்காரர்கள் பெருகினார்கள். நீக்கிலாஸின் மேசையிலிருந்து எழுந்தவனெல்லாம் புல்தட ஓட்டுநர். எல்லோரும் எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதினார்கள். வேலைக் கந்தோரிலும் அப்படியே பதிந்தார்கள். புதிதாகப் பத்தொன்பது பேர். மயிலை என்ற மாடு மட்டும் பதினொரு தடவை சுடப்பட்டது.

பாலச்சந்திரன் கொழும்பில் தொடர்மாடியில் வளர்ந்தவன். ஒரு நாள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது குகதாசனின் முழங்கையில் இடித்தான். "மச்சான், ஒண்டு கேக்கிறன், சிரிக்காதை. வண்டிலிலை மாட்டை எந்தப் பக்கம் பாத்துக் கட்டுறது?"

*

இரண்டாவது கூட்டம். புல் வந்தது. எழுந்தார்கள். ஏழு சென்ரிமீற்றர். உட்கார்ந்தார்கள்.

தலைவர் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். அதில் ஒரு கோடு படுத்துக் கிடந்து, கடைசியில் திடீரென்று கூரைக்கு ஏறியது.

"கனவான்களே! ஒரே மாதத்தில் இந்தத் தொழிலில் பதிந்தோர் தொகை ஆயிரத்துத் தொளாயிரம் சதவீதம் வளர்ந்திருக்கிறது. இருபது பேரும் ஒரே இடம். லா சப்பேல்! எதிர்காலம் எங்கே என்று பதினொரு ஆண்டுகளாகத் தேடினோம். அது நம் சன்னலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. எதிர்காலம் பாரிஸுக்குக் குடிவந்துவிட்ட பிறகு, மாகாணத்தில் அதற்கு எதற்கு அறுபத்தொரு வீடு?"

லூசியன் குரலைத் தாழ்த்தி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார்.

"ஆகவே தடங்களை மூடும் பரிந்துரையை வரும் வியாழக்கிழமை அறிவிப்போம். நோர்மாந்தியில், சேன்-லூ என்ற தடத்தில், புல்லின் முன்னிலையில். முசியே குகதாசன் அங்கே வண்டி ஓட்டிக் காட்டுவார். அவருடைய ஓட்டம் பற்றிய குறிப்பு அவருடைய அகதிக் கோப்புக்கு அனுப்பப்படும். அது அவருக்கு உதவியாக இருக்கும்."

பொறி மூடிக்கொண்டது.

"ஐயா," குகதாசன் லூசியனின் கையைப் பிடித்தான், "நான் ஓட்டினது மாட்டு வண்டில், குதிரை இல்லை எண்டு சொல்லுங்கோ."

லூசியன் சொன்னார். தலைவர் கருணையோடு சிரித்தார். "குழுவின் பார்வையில் அந்த வேறுபாடு சிறியது."

நீக்கிலாஸிடம் ஓடினான். "காய்ச்சல் எண்டு சொல்லு," என்றார் நீக்கிலாஸ்.

"காய்ச்சல் கேஸிலை இல்லையே, அண்ணை."

தன் மாணவனுக்கு நீக்கிலாஸ் கற்பித்தது கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

*

வியாழன். பஸ்ஸில் குழு முன்னால், குகதாசனும் லூசியனும் பின்னால், அவர்களுக்கும் பின்னால் சாம்பல் கோட்டு. வழி முழுக்க அந்தக் கண் பிடரியில் ஊர்வதை குகதாசன் உணர்ந்தான். மடியில் அவனுடைய கமெரா இருந்தது. பாரிஸில் அவன் வாங்கிய முதல் பொருள் அது. பழைய சாமான் சந்தையில் வாங்கியது. பிடிபடுவதானாலும் அது பக்கத்தில் இருக்கட்டும்.

சேன்-லூவில் மழை விட்டிருந்தது. தடம் என்றால் ஒரு பெரிய புல்வெளி, வெள்ளை வேலி, முடிவுக்கு ஒரு வெள்ளைக் கம்பம். குகதாசன் இறங்கியதும் நின்றுவிட்டான். ஊர்த் தரவை மாதிரியே இருந்தது.

ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு அம்மா வந்தார். பெயர் மதாம் ஆலீஸ். தடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வருடத்தில் ஒரே ஒரு பந்தயம், ஆகஸ்ட் பதினைந்து, அதற்கு அனுமதி. அவர் கேட்பது அவ்வளவுதான்.

சேவகர் கையுறையோடு புல்லில் அளவுகோலை நட்டார். "பன்னிரண்டு சென்ரிமீற்றர்!"

தலைவர் முகம் சுளித்தார். "இந்தப் புல் பிழை. பதிவு செய்க."

அதோடு குழு புல்லை விட்டு விலகியது. சேறு. பஸ் நிறுத்திய சரளைக்கல் தரையில் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். மின்கம்பி நீளம் போதாமல் இருந்ததால் அது பஸ்ஸைப் பார்த்துத்தான் நின்றது. குழுவும் பஸ்ஸைப் பார்த்து நின்றது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

அந்தப் பக்கம் மதாம் ஆலீஸ் குதிரையைக் கொண்டுவந்தார். கொக்கேத். பதினெட்டு வயதுக் கிழட்டுப் பெண்குதிரை. பின்னால் இரண்டு சில்லும் ஓர் இருக்கையும் மட்டுமே உள்ள சின்ன வண்டி. குகதாசன் ஏறினான். கடிவாள வாரைக் கையில் கொடுத்தார்கள். ஆலீஸ் அவனுடைய விரல்களைப் பார்த்தார். லூசியனிடம் ஏதோ சொன்னார்.

"இவரு ஜென்மத்துல வாரைத் தொட்டதில்லைங்கிறாங்க," என்றார் லூசியன்.

"சொல்லிப்போடாதேங்கோ எண்டு கேளுங்கோ, ஐயா! காட் போயிடும்!"

லூசியன் சொன்னார். இந்தத் தடவை இஸ்திரி போடவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். ஆலீஸ் கேட்டார். சரளைக்கல்லில் வரிசையாக நின்ற முதுகுகளைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"பதினொரு வருஷமா பாரிஸ்லேர்ந்து கடுதாசி மேல கடுதாசி போட்டு ஏதாவது செஞ்சுக்கிட்டே இருக்காங்களாம். ஒண்ணுமே செய்யாத ஒரு ஆள் வரமாட்டாரான்னு காத்துக்கிட்டிருந்தாங்களாம். நீங்க ஒண்ணும் செய்யாதீங்க தம்பி. அடிக்காதீங்க, இழுக்காதீங்க, கத்தாதீங்க. பாய்ச்சல்ல ஓடினா இந்தப் பந்தயத்துல வெளிய தள்ளிடுவாங்க, தாளம் தப்பாத நடையிலதான் ஓடணும். கொக்கேத்துக்கு வழி தெரியுமாம்."

அப்போதுதான் குகதாசனுக்குக் கழுத்தில் தொங்கிய கமெரா ஞாபகம் வந்தது. கழற்றி லூசியனிடம் கொடுத்தான். குரல் மாறியிருந்தது. அந்தக் குரலை லூசியன் அதுவரை கேட்டதில்லை.

"இந்த இடத்திலை நில்லுங்கோ. வெயில் உங்கடை முதுகிலை விழோணும். குதிரையின்ரை மூக்கு அந்த வெள்ளைக் கம்பத்துக்கு வரேக்கை அமத்துங்கோ. முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம்."

கொக்கேத் கிளம்பியது.

"...கனவான்களே, உண்மையை நேருக்கு நேர் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்..." ஒலிபெருக்கி பஸ்ஸைப் பார்த்து முழங்கியது.

தொக், தொக், தொக், தொக். ஈரப் புல்லில் குளம்பு விழும் மெத்தென்ற ஓசை. குகதாசன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தான். வேலி ஓடியது. காற்று முகத்தில் அறைந்தது. வாரைப் பிடித்த கை கல்லாய்ப் போயிருந்தது, படத்துக்குள் நிற்பவனைப் போல.

"...புல்தடத்தில் இன்று ஓட்டம் என்பதே கிடையாது..."

வளைவு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "அம்மாளாச்சி!" என்றான், சத்தமில்லாமல். கத்தக் கூடாதல்லவா. கொக்கேத் காதை ஆட்டியது. தாளம் தப்பவில்லை.

"...பார்ப்பதற்கும் எவருமில்லை..."

வெள்ளைக் கம்பம் வந்தது. லூசியன் அமத்தினார்.

கொக்கேத் தானாக நின்றது. அழுகிறானா சிரிக்கிறானா என்று குகதாசனுக்கே தெரியவில்லை. சரளைக்கல்லில் கைதட்டல் கேட்டது. அது பேச்சுக்கு. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சாப்பாட்டு நேரம். நேரமின்மையால் விளக்க ஓட்டம் நடைபெறவில்லை. பதிவு செய்க."

அவன் வாழ்க்கையில் உண்மையாக ஓட்டிய ஒரே ஓட்டம் அப்படித்தான் பதிவானது.

திரும்பி வரும் பஸ்ஸில் சாம்பல் கோட்டுக்காரர் எழுந்து வந்து குகதாசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முடிந்தது, என்று குகதாசன் இரண்டு கையையும் முன்னால் நீட்டினான், விலங்கு மாட்டட்டும் என்று. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தாழ்ந்த குரலில், மூச்சு விடாமல், ஏதேதோ சொன்னார். லூசியனின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இவரு முசியே மொர்வான். குழுவோட குதிரை நிபுணராம். முன்னாடி மீன்வளத் துறையில இருந்தாராம், பேர் குழப்பத்துல இங்க மாத்திட்டாங்களாம். குதிரையைக் கிட்டப் பார்த்ததே இல்லையாம். நீங்க நிஜமான ஆளு, ஒரே ஒரு கேள்வி கேட்டா மாட்டிக்குவேன்னு பயந்து, நீங்க சொல்றத எழுதி வச்சு தினம் வீட்ல மனப்பாடம் பண்றாராம். பென்ஷனுக்கு நாலு வருஷம் இருக்காம். காட்டிக் கொடுத்துடாதீங்கன்னு கெஞ்சறாரு."

குகதாசன் அந்த மனிதரைப் பார்த்தான். ஊரில் மாட்டைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் விலகியிருந்துதான் பார்த்தான்.

*

படத்தைக் கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான் குகதாசன். லூசியன் சரியாக அமத்தியிருந்தார். கொக்கேத்தின் மூக்கு கம்பத்தில். வண்டியில் வாயைப் பிளந்தபடி குகதாசன். பின்னால், கூர்மையாக, வரிசையாக, முதுகுகள். அந்த வரிசையின் கடைசியில் ஒரு முகம் மட்டும் திரும்பியிருந்தது.

ஒரு பிரதியை லூசியன் மதாம் ஆலீஸுக்கு அனுப்பினார். ஆலீஸ் அதை ஊர் மதுக்கடையில் மாட்டினார். அங்கே தினமும் கோப்பி குடிக்கும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் அதைக் கழற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. தலைப்பு: 'புல்தடத்தின் எதிர்காலத்தை ஆராயும் குழு, ஆராய்கிறது.'

மேலிடம் கோபப்பட்டது. கோபத்தில் அது தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. குழுவினருக்குப் புல்லைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று ஆராய இன்னொரு குழு அமைத்தது. அது முடியும்வரை அறுபத்தொரு தடத்திலும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் பதினைந்துக்கு அனுமதி வந்ததாக ஆலீஸ் எழுதினார்.

மூன்றாம் வாரம் குகதாசனுக்கு உண்மையான அழைப்பு வந்தது. அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் கந்தோர். களைத்த கண்ணோடு ஓர் அதிகாரி. அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் வேறு ஆள், இஸ்திரி தெரியாதவர். அதிகாரி கோப்பைத் திறந்தார்.

"ஐந்து முறை சவாரி வென்றீர்கள். மாடுகள் மயிலை, கறுவல். இந்த மாதம் மட்டும் இதே மாடுகள் ஏழு பேருக்குச் செத்திருக்கின்றன. சேன்-லூ தடத்தில் நீங்கள் ஓட்டவில்லை என்று ஒரு குறிப்பும் வந்திருக்கிறது. ஓட்டுநர் என்பதற்கு என்ன ஆதாரம்?"

குகதாசன் பிளாஸ்ரிக் பையிலிருந்து படத்தை எடுத்து வைத்தான்.

அதிகாரி பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த முதுகெல்லாம் யார்?"

"நான் ஓட்டேல்லை எண்டு குறிப்பு எழுதின ஆக்கள்."

அதிகாரியின் வாய் கோணியது. சிரிப்பை விழுங்கினார். "நல்ல படம். யார் எடுத்தது?"

"லூசியன் ஐயா. இடமும் நேரமும் நான் சொல்லிக் குடுத்தனான். இந்த வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கியிருக்கோணும், இஞ்சை பாருங்கோ, வானம் வெளுத்துப்போச்சு. சவாரிப் படம் எண்டால் நான் கம்பத்துக்கு இடப்பக்கம்தான் நிக்கிறனான், மாட்டின்ரை கண் தெரியோணும், அப்பதான்..."

நிறுத்தினான். சொல்லிவிட்டான். இரண்டாவது விதமாகச் சொல்லிவிட்டான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "தொடருங்கள்," என்றார்.

குகதாசன் படத்தைப் பார்த்தான். பிறகு தொடர்ந்தான். சுன்னாகம். ஸ்ரூடியோ. பதினாலு வருடம். தகரப் பெட்டிகள். யாருடைய கல்யாணம் எந்தப் பெட்டியில் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நெகட்டிவ் எரியும்போது முதலில் சுருளும், பிறகுதான் பற்றும் என்று சொன்னான். ஒரு மணித்தியாலம் போனது. அதிகாரி ஒரு தடவையும் கொட்டாவி விடவில்லை.

காட் வந்தது. பத்து வருடம். கோப்பின் முகப்பில் மட்டும் தொழில் 'ஓட்டுநர், புல்தடம்' என்றே இருந்தது. அதை மாற்ற வேறு படிவம் நிரப்ப வேண்டுமாம்.

அன்று மாலை நீக்கிலாஸின் மேசையில் எல்லோருக்கும் குகதாசன் கணக்கில் கோப்பி. லூசியனும் வந்திருந்தார். நீக்கிலாஸ் காட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெருப்பைத்தான் சொன்னனீயோ?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். அவருடைய தொழில் ஞானம் ஆட்டம் கண்டிருந்தது. "நெருப்புக்கோ தந்தவன்?"

கஃபேயின் கதவு திறந்தது. சாம்பல் கோட்டு. மேசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து ஓடத் தயாரானார்கள்.

மொர்வான் நேரே வந்தார். கையில் ஒரு கடிதம். கடிதத்தின் தலையில் மூன்று நிறம். அதை நீக்கிலாஸின் முன்னால் வைத்தார்.

"புதுக் குழு கூப்பிட்டிருக்காம்," என்றார் லூசியன். "இந்தப் பதவிக்குத் தகுதின்னு எழுதிக் கொடுக்கணுமாம். இங்க ஒருத்தரு நல்லா எழுதுவாருன்னு கேள்விப்பட்டாராம்."

நீக்கிலாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தைப் படித்தார். "என்ன தொழில் செய்தவராம்?"

"மீன்வளத் துறை."

நீக்கிலாஸ் பேனாவை மூடினார். "மீன் சரிவராது. சவாரி பாத்திருக்கிறாரோ எண்டு கேளுங்கோ."

லூசியன் கேட்டார். மொர்வான் மேசையில் கிடந்த குகதாசனின் படத்தை விரலால் தொட்டார். முதுகுகளின் வரிசை. கடைசியில், திரும்பியிருந்த அந்த ஒரு முகம். அவருடையது.

"ஒரே ஒரு தடவையாம்," என்றார் லூசியன். "சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தாராம்."

நீக்கிலாஸ் பேனாவைத் திறந்தார்.

"அது காணும்."